மே மாதச் சென்னையில் ஓட்டம்: பேஸ் விழுகிறது, ஷூ நனைகிறது, தொடை உரசுகிறது. என்ன செய்யலாம்?

வேளச்சேரி_வாசி

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21 கி.மீ. ஓடலாம் என்று இருக்கிறேன். பிப்ரவரியில் 10 கி.மீ. 65 நிமிடம், சராசரி ஹார்ட் ரேட் 148. இப்போது அதே பாதை, அதே ஷூ, 72 நிமிடம் ஆகிறது, ஹார்ட் ரேட் 168. காலை 6 மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்கு முடிக்கிறேன். வாரம் நான்கு நாள்.

கேட்க வேண்டியவை இவைதான். பேஸை, அதாவது ஒரு கி.மீ. ஓட எடுக்கும் நேரத்தை, விட்டுக்கொடுக்க வேண்டுமா, பல்லைக் கடித்துப் பிடித்து வைக்க வேண்டுமா? தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு? இளநீர் போதாதா? 7 கி.மீ. தாண்டினால் ஷூவுக்குள் சளக் சளக் என்று தண்ணீர், உள்தொடையில் எரிச்சல், பனியனில் ரத்தப் புள்ளி. மாலையில் ஓடினால் இதெல்லாம் குறையுமா?


எலியட்ஸ்_லூப்

168 வருவது உங்கள் தகுதி போய்விட்டதால் இல்லை. வெயில் காலத்தில் ரத்தத்துக்கு இரண்டு வேலை. காலுக்கு ஆக்சிஜன் கொண்டுபோக வேண்டும், உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்கும் கொண்டுவர வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவும் குறைகிறது. அதைச் சரிக்கட்டத் துடிப்பு ஏறுகிறது. அதனால்தான் பேஸ் மாறாமலே இரண்டாவது பாதியில் எண் மேலே போகும். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் வியர்வை வழிந்து வாட்ச் தளர்ந்தால் அது நாடியை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையைப் படித்துக் காட்டும். காலடியும் நிமிடத்துக்கு 165, 170 என்றுதான் இருக்கும். நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கிப் பாருங்கள். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து, வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பேஸ் முடிவு செய்யாதீர்கள். வானிலைச் செயலியில் டியூ பாயின்ட் என்று ஒன்று இருக்கும், பள்ளிப் பாடத்தில் பனிநிலை என்று படித்திருப்போம். காற்றில் உண்மையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டி மண்ணில் விழுந்தால் தண்ணீர் நஷ்டம் மட்டுமே. மே மாதம் விடிகாலையில் சென்னையில் 28 டிகிரி, டியூ பாயின்ட் 25 என்பது சாதாரணம். ஓடுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. இரண்டையும் பாரன்ஹீட்டுக்கு மாற்றிக் கூட்டுங்கள். 28 என்பது 82, 25 என்பது 77, கூட்டினால் 159. கூட்டுத்தொகை 100-க்குள் இருந்தால் பேஸ் மாற வேண்டாம். 151 முதல் 160 வரை நாலரை முதல் 6 சதவீதம் மெதுவாக. 161 முதல் 170 வரை 6 முதல் 8 சதவீதம். 180 தாண்டினால் வேகப் பயிற்சியே வேண்டாம். உங்கள் 6:30 பேஸ் 6 சதவீதம் கூடினால் 6:53 ஆகும், 10 கி.மீ.க்கு 69 நிமிடம். மிச்ச 3 நிமிடம் வெயில் எடுத்துக்கொண்டது. மே மாதம் சென்னையில் சூரியன் 5:45-க்கே எழுந்துவிடும். 6 மணிக்குக் கிளம்புகிற நீங்கள் முக்கால்வாசி ஓட்டத்தை வெயிலில்தான் ஓடுகிறீர்கள்.

4:50-க்குக் கிளம்புங்கள், 6:05-க்கு முடியும். விடிகாலையில் ஈரப்பதம்தான் உச்சத்தில் இருக்கிறதே, எட்டு மணிக்குக் குறைகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். குறைவது சதவீதம் மட்டும்தான். காற்று சூடானதால் அந்த எண் இறங்குகிறது, டியூ பாயின்ட் கிட்டத்தட்ட அதேதான். அதற்கு மேல் வெயில் வேறு சேர்கிறது. ஆகவே இருட்டே மேல்.

பேஸைப் பிடித்து வைக்க வேண்டாம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், அவ்வளவுதான் மே மாதத்துக்கு. ஜனவரிப் போட்டிக்கு இப்போது தேவை கால் பழகுவது, வேகம் செப்டம்பருக்கு மேல் வரட்டும். வாரத்தில் ஒரு நாள் வேகம் வேண்டும் என்றால் ஜிம்மில் மின்விசிறிக்கு நேராக இருக்கிற டிரெட்மில்லில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில்தான் என்றால் கி.மீ. கணக்கை விட்டு நிமிடக் கணக்கில், 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் நடை.

உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் ஐந்தாறு நாளில் ரத்த நீர் கூடும், பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். அந்த இரண்டு வாரம் 30, 40 நிமிடமே போதும், ஆனால் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பழக்கம் கரைந்துவிடும்.

கடைசியாகக் காற்று. நீங்கள் ஓடுகிற வேகத்திலேயே காற்று முதுகுப் பக்கம் அடித்தால் உங்கள் மேல் காற்றே படாது, அடுப்புக்குள் ஓடுவது போல இருக்கும். ஆகவே போகும்போது முதுகில் காற்று, உடம்பு சூடேறித் திரும்பும்போது முகத்தில் காற்று. விடிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குத்தான் போகும். கடற்கரைச் சாலையில் ஓடினால் ஜிலுஜிலு என்று இருக்கும் என்பது காலை ஐந்து மணிக்குப் பொருந்தாது.


உப்புக்கணக்கு

தண்ணீருக்கு எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது, நீங்களே அளக்க வேண்டும். அளப்பது சுலபம். கழிப்பறை போய்விட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள், குடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடியும் உடையில்லாமல் எடை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். அதோடு குடித்ததைக் கூட்டினால் உங்கள் வியர்வை அளவு. நனைந்த பனியனோடு எடை பார்த்தால் கணக்கு தப்பிவிடும், அந்தத் துணியே கால் கிலோ வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும்.

இழந்ததை எல்லாம் ஓடும்போதே திரும்பக் குடிக்க வேண்டியதில்லை, வயிறு மணிக்கு 800 மி.லி.க்கு மேல் லேசில் வாங்காது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் தண்ணீர் போயிருக்கிறது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போகும். நீர் வறட்சி என்று நினைத்து அவருக்கே இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

உப்பு: ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் 200 மி.கி.யிலிருந்து 2000 மி.கி. வரை மாறும், பலருக்கு 900, 1000 பக்கம். கருப்பு பனியன் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுகிறதா, தொப்பிப் பட்டை வெளுக்கிறதா, வியர்வை கண்ணில் பட்டால் கரிக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும், வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்தால் சரியாகிவிடும். அதற்கு மேல் ஓடினால் ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய கால் டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சை. அந்தக் கால் ஸ்பூனில் சுமார் 600 மி.கி. சோடியம் வரும். கரிப்பாக வியர்ப்பவர்கள் அரை டீஸ்பூன் வரை போகலாம். இந்துப்பு போட்டால் விசேஷம் என்பதில் பொருள் இல்லை, அதுவும் சோடியம் குளோரைடுதான்.

ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5. அதே பெயர் தாங்கி அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களில் சர்க்கரைதான் தூக்கலாக இருந்தது. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தச் சூத்திரத்துக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது நல்ல காரியம். ஒரு லிட்டர் பாக்கெட்டை 500 மி.லி. பாட்டிலில் முழுசாகக் கரைக்காதீர்கள். அடர்த்தி கூடினால் குடல் தண்ணீரை உள்ளே எடுப்பதற்குப் பதில் வெளியே இழுக்கும், அடுத்த 2 கி.மீ.க்குள் வயிறு கலக்கும்.

இளநீர் அருமையான பானம். ஆனால் அதில் தூக்கல் பொட்டாசியம், வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள், இல்லையென்றால் கூடவே உப்புள்ள டிபன் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இந்த உப்புக் கணக்கை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஓடப் போகும் முன் வலி மாத்திரை போடுகிற பழக்கமும் வேண்டாம். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.


மயிலை_மார்னிங்

துணிக்கும் தோலுக்கும் யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். முதலில் பருத்தி பனியனை விடுங்கள் தம்பி. நனைந்த பருத்தி மணல் காகிதம் மாதிரி உரசும், ரத்தப் புள்ளி அதனால்தான். கை வைக்காத, கண்ணி விட்ட பாலியஸ்டர் சிங்லெட் போதும், உள்தையல் தடிப்பாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். மார்க்காம்புக்கு ஒரு இன்ச் மைக்ரோபோர் டேப்பை இரண்டு துண்டு வெட்டி, தோல் உலர்ந்திருக்கும்போதே ஒட்டுங்கள். வாசலின் தடவிய பிறகு ஒட்டினால் இரண்டாவது கிலோமீட்டரில் கழன்றுவிடும். எடுக்கும்போது குளியலில் நனைத்து எடுங்கள்.

உள்தொடைக்கு வாசலின் விரல் நுனி அளவு போதாது, வெளியே தெரிகிற கனத்தில் தடவ வேண்டும், அக்குளிலும். தேங்காய் எண்ணெய் அரை மணி நேரம் தாங்கும், பிறகு வியர்வையோடு இறங்கிவிடும். மறுபடி மறுபடி உரசினால் ஷார்ட்ஸை மாற்றுங்கள், தொடைப் பாதி வரை ஒட்டிப் பிடிக்கிற இறுக்கமான உள்ஷார்ட்ஸ் இருந்தால் தோலும் தோலும் சந்திக்கவே சந்திக்காது. பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டைதான் எதிரி. போடும் முன்பே பட்டை படும் இடம் முழுக்க வாசலின் தடவிவிட்டுப் போடுங்கள். எலாஸ்டிக் தளர்ந்தால் பட்டை மேலும் கீழும் நகர்ந்து கோடு கோடாக அறுக்கும், அப்போது அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய தப்பு ஓட்டத்துக்குப் பிறகு நடக்கிறது. நனைந்த உடையோடு டிபன் கடையில் உட்கார்ந்து பொங்கலும் காபியும் முடித்து எட்டரைக்கு வீடு திரும்புவது. படர்தாமரைக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. வண்டியில் ஒரு மாற்று பனியன், உள்ளாடை, துண்டு வைத்திருங்கள், பத்து நிமிடத்துக்குள் மாற்றுங்கள். அரிப்போடு வட்ட வட்டமாக வந்துவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவாதீர்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இரண்டு நாளில் அரிப்பை அடக்கும், பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும், பிறகு தோல் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமம்.

ஷூவுக்குள் தண்ணீர் வருவது பாதத்தில் இருந்து மட்டும் இல்லை. பனியன், ஷார்ட்ஸ், கால் என்று வழிந்து சாக்ஸில் இறங்கி அங்கே தேங்குகிறது. மெல்லிய சிந்தெடிக் சாக்ஸ், வலைத்துணி மேல்பாகம் உள்ள ஷூ. கிளம்பும்போது ஷார்ட்ஸ் இடுப்பில் ஒரு கைக்குட்டை செருகி, ஒவ்வொரு 2 கி.மீ.க்கும் முழங்காலுக்குக் கீழே ஒரு துடை துடைத்தாலே வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் இன்சோலைக் கழற்றி வெளியே வையுங்கள், லேஸை முழுக்கத் தளர்த்தி, செய்தித்தாளைக் கசக்கி விரல் முனை வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறியிருக்கும், எடுத்துவிட்டு வேறு திணியுங்கள், பிறகு மின்விசிறிக்கு அடியில். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பசை விடும், அடிப்பாகம் கெட்டிப்படும். அடுத்த நாளும் ஓடுவதென்றால் இரண்டாவது ஜோடி இருப்பது ஆடம்பரம் இல்லை.

பனியன் நாற்றத்துக்கு: வந்ததும் அலசுங்கள், பையில் சுருட்டி வைக்காதீர்கள். நாற்றம் ஏறிவிட்டால் ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், நூலிடுக்கில் படிந்து வியர்வை வெளியேறாமல் செய்துவிடும்.


மலைக்கோட்டை

மாலை ஓட்டம் பற்றி யாரும் தொடவில்லை. ஊரைப் பொறுத்தது. சென்னைக் கடற்கரையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்ட நாளில் மாலை 6:30 ஓட்டம் காலையைவிட வசதியாகவே இருக்கும். ஈரம் குறையாது, ஆனால் அசைகிற காற்று வியர்வையை எடுத்துக்கொண்டு போகும். மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல்காற்று தாமதமாகும், அன்று ஓட வேண்டாம். வேளச்சேரி போல உள்ளே தள்ளி இருக்கிற இடத்தில் அந்தக் காற்றும் பலம் இழந்துதான் வரும்.

திருச்சி, மதுரை, வேலூர்ப் பக்கம் மாலை வேண்டவே வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த தார்ச்சாலையும் சுவர்களும் இரவு எட்டு வரை அதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். இந்த ஊர்களில் காற்று வறண்டது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு நனையவில்லையே, குறைவாகத்தான் போகிறது என்று தோன்றும், எடை பார்த்தால்தான் உண்மை தெரியும். இங்கே தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நன்றாக வேலை செய்யும். சென்னையில் அது பாதி பலன்தான், ஏற்கெனவே நனைந்த உடம்பில் மேலும் நீர் ஆவியாகாது. அங்கே ஐஸ்தான் உதவும். கைக்குட்டையில் ஐந்தாறு ஐஸ் கட்டி வைத்துச் சுருட்டிக் கழுத்தில் கட்டுங்கள், உருகும்போது நேரடியாகச் சூட்டை இழுக்கும்.

நாலரை மணிக்குக் கிளம்புகிறவர்கள் தெருநாயையும் கணக்கில் வையுங்கள். துரத்தினால் ஓடாமல் நின்று, கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து கடக்க வேண்டும். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. சாலையில் எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்கள், ஒளிரும் மேலாடையோடு.


முதலுதவி_தன்னார்வலர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், குழுவாக ஓடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள். வெப்ப மயக்கம் முற்றினால் வியர்வை நின்று தோல் உலர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுகிறவருக்கு அப்படி இல்லை, உடம்பு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போதே உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பார்க்க வேண்டியது மூளையின் அடையாளங்கள்: கால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, எந்தத் தெரு என்று கேட்டால் தடுமாறுவது. வெயிலில் ஓடும்போது புல்லரித்தால், குளிர் எடுத்தால், அந்த நொடியே நிறுத்துங்கள்.

அப்படி ஒருவர் ஆனால் 108-க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் அதே இடத்தில் குளிர்விக்கத் தொடங்குங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் உட்காரவைப்பது மிகச் சிறந்தது. தொட்டி இல்லாவிட்டால் நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஐஸில் நனைத்த துண்டுகளைத் தலை, நெஞ்சு, அக்குள், தொடை இடுக்கு என்று போட்டு, சூடேறியதும் மாற்றிக்கொண்டே விசிற வேண்டும். அரை மணிக்குள் வெப்பம் இறங்கியாக வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து தேறி இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் ஓட்டமே வேண்டாம், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் தூரத்தைப் பாதியாக்குங்கள்.


வேளச்சேரி_வாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று 4:50-க்குக் கிளம்பி, மெதுவாக 55 நிமிடம். ஓடும் முன் 71.2 கிலோ, பிறகு 70.1. நடுவில் 250 மி.லி. குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை 90 நிமிடம் ஓட வேண்டும். உப்புக்கணக்கு அண்ணா, எவ்வளவு எடுத்துக்கொண்டு போக?


உப்புக்கணக்கு

1.1 கிலோ குறைவு, குடித்தது 0.25, மொத்தம் 1.35 லிட்டர், 55 நிமிடத்தில். மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், நன்றாக வியர்க்கிற உடம்பு. 90 நிமிடத்துக்கு 2.2 லிட்டர் போகும். உங்கள் எடையில் 2 சதவீதம் 1.4 லிட்டர், ஆகவே வழியில் 800 மி.லி. உள்ளே போக வேண்டும். 20, 40, 60, 80-ஆவது நிமிடங்களில் 200 மி.லி. வீதம். மொத்தத்தையும் இடுப்பில் சுமக்காதீர்கள். 3 கி.மீ. சுற்றுப் பாதையாக எடுத்து, வண்டியின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பையில் நாலு 200 மி.லி. பாட்டில் வையுங்கள். நாலிலும் எலுமிச்சை உப்புக் கரைசல். பின்னிரண்டு பாட்டிலையும் முந்தின இரவு ஃப்ரீசரில் பாதி அளவு உறையவைத்து, காலையில் மேலே ஊற்றி நிரப்பினால் ஒரு மணி நேரம் கழித்தும் ஜில்லென்று இருக்கும். முடித்த பிறகு எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், மதியச் சாப்பாடு வரை கொஞ்சம் கொஞ்சமாக. உடனே குளிக்கப் போகாதீர்கள், 15 நிமிடம் விசிறிக்கு அடியில் உட்காருங்கள், இல்லையென்றால் குளித்து வந்தும் வியர்த்துக்கொண்டே இருக்கும்.